27 கிலோ சுமையும் 15 கிலோ பையும்

கிழக்கு ஆப்பிரிக்கப் புல்வெளிக்குக் கிளம்புகிறவர்களில் பலருக்குப் பெட்டி கட்டும்போதே ஓர் உருவம் கண்முன் வந்து நிற்கும். நான்கு பாக்கெட் வைத்த காக்கிச் சட்டை, இடுப்பில் துணி பெல்ட், அகலத் தொப்பி, தோல் பூட்ஸ். 1985இல் வந்த ‘அவுட் ஆஃப் ஆப்பிரிக்கா’ படமும், அதற்கு மிலேனா கனோனெரோ செய்த உடையமைப்பும் அந்த உருவத்தை உலகெங்கும் கொண்டுசேர்த்தன. அதற்கு முன்பே, 1960களின் இறுதியில், பாரிஸில் இவ் சான் லோரான் சஃபாரி ஜாக்கெட்டைப் பெண்களுக்கான நாகரிக உடையாக்கியிருந்தார். நம் ஊரில் ‘சஃபாரி’ என்றால் அதிகாரிகளும் மெய்க்காவலர்களும் ஒருகாலத்தில் விரும்பிப் போட்ட, ஒரே துணியில் தைத்த அரைக்கைச் சட்டையும் பேண்ட்டும் நினைவுக்கு வரும். எல்லாவற்றுக்கும் மூலம் ஒன்றே: வெப்பநாடுகளில் பிரிட்டிஷ் ராணுவம் உடுத்திய பருத்திச் சீருடை.

பழைய பாணியில் போக ஆசைப்படுவதில் தவறே இல்லை. அந்த உடைகளுக்குள் நல்ல அனுபவ அறிவு இருக்கிறது. ஆனால் அவை எல்லாம் ஒரே காரணத்தால் பிறந்தவை அல்ல. வெயிலுக்கும் முள்ளுக்கும் புழுதிக்கும் பூச்சிக்கும் பதிலாக வந்தவை சில. தப்பான மருத்துவ நம்பிக்கையாலும், துரைத்தனம் காட்டவும், சுமக்க ஆள் இருந்த வசதியாலும் வந்தவை சில. முன்னதை நாம் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். பின்னதை விட்டுவிட வேண்டும். எது எந்த வகை என்று தெரிய வேண்டுமானால் இரண்டு மூட்டைகளை அவிழ்த்து அருகருகே வைத்துப் பார்ப்பதுதான் வழி. ஒன்று 1909இல் தியடோர் ரூஸ்வெல்ட் கொண்டுபோனது. மற்றொன்று இன்று நைரோபியிலிருந்து சிறு விமானம் ஏறும் பயணி கொண்டுபோவது.

இரண்டு பயணங்கள்

அமெரிக்க அதிபர் பதவியை விட்டு இறங்கிய மூன்றே வாரத்தில், 1909 மார்ச்சில், ரூஸ்வெல்ட் மகன் கெர்மிட்டுடன் கப்பல் ஏறினார். ஏப்ரலில் மொம்பாசா. ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்காக விலங்கு மாதிரிகள் சேகரிப்பது பயணத்தின் நோக்கம். நைரோபியின் நியூலேண்ட் அண்ட் டார்ல்டன் நிறுவனம் ஏற்பாடுகளைக் கவனித்தது. சுமைதூக்கிகள் மட்டும் சுமார் 250 பேர். தோல்களைப் பதப்படுத்த 4 டன் உப்பு போனது. பன்றித்தோல் அட்டை போட்ட புத்தகங்கள் ஒரு அலுமினியப் பெட்டியில் போயின. அந்த நூலகமே ஓர் ஆள் தூக்கும் எடைக்குள் அடங்கும்படி அமைக்கப்பட்டது. அக்காலத்தில் ஒரு சுமைதூக்கியின் சுமை 60 பவுண்டு, அதாவது 27 கிலோ. பயணம் 1910 மார்ச்சில் கார்ட்டூமில் முடிந்தபோது தந்தையும் மகனும் சுட்ட விலங்குகள் 512.

இன்றைய பயணி நைரோபியின் வில்சன் விமான நிலையத்தில் நிற்கிறார். எதிரே செஸ்னா கேரவன் போன்ற சிறு விமானம். மாசாய் மாராவுக்கோ ஆம்போசெலிக்கோ போகும் இத்தகைய விமானங்களில் ஆளுக்கு 15 கிலோ என்பது வழக்கமான வரம்பு, கைப்பையும் அதற்குள்தான். பை மடங்கக்கூடியதாக இருக்க வேண்டும், ஏனென்றால் விமானத்தின் வயிற்றுப்பக்கச் சரக்கறையின் கதவு சிறியது. கென்யாவில் 1977இலேயே வேட்டை தடை செய்யப்பட்டுவிட்டது. அவர் கையில் இருப்பது பைனாகுலரும் கேமராவும்.

இருவரும் போகும் நிலம் ஒன்றுதான். வெயில், முள், உண்ணி, புழுதி எதுவும் மாறவில்லை. மாறியிருப்பவை நோக்கமும், சுமை ஏறும் இடமும்.

துணி: தடித்த பருத்தியும் செயற்கை இழையும்

ரூஸ்வெல்ட்டின் உடையைப் பார்த்தால் அழகு அதில் முதலிடம் பெறவில்லை என்பது தெரியும். முழங்காலில் தோல் வைத்துத் தைத்த காக்கிக் காற்சட்டை. முழங்காலிலிருந்து கணுக்காலுக்குக் கீழ்வரை பொத்தான்களால் இறுக்கி மூடும் அமைப்பு. மேலே ராணுவச் சட்டை. முழந்தாளிட்டுத் தவழ்ந்து இரையை நெருங்குகிறவருக்கு முழங்கால் தோல் தேவை. பொத்தான் போட்ட கால் இருந்தால் தனியாகக் காலுறைப்பட்டை கட்ட வேண்டாம். புல்லில் நடக்கும்போது உண்ணியும் முள்ளும் உள்ளே ஏறா. திரைப்படத்தில் கண்டு நாம் ஆசைப்படும் மென்மையான ஆடைக்கும் இதற்கும் தூரம் அதிகம்.

இன்றைய கடைகளில் ‘சஃபாரி’ என்று தொங்குவதில் பெரும்பகுதி நைலானும் பாலியெஸ்டரும். எடை குறைவு, துவைத்துத் தொங்கவிட்டால் சில மணிநேரத்தில் காய்ந்துவிடும். 15 கிலோ வரம்பில் இது பெரிய லாபம். மழைக்காலத்தில் தடித்த பருத்தி ஒரு நாள் முழுக்கத் தொங்கினாலும் ஈரம் விடாது.

இருந்தாலும் பருத்தியின் பக்கம் நான்கு வலுவான காரணங்கள் உள்ளன. முதலாவது, வறண்ட வெப்பத்தில் பருத்தி வியர்வையை உறிஞ்சி மெல்ல ஆவியாக்குகிறது, உடம்பு குளிர்கிறது. இரண்டாவது ஓசை. காட்டில் நடைப்பயணம் போகும்போது நைலான் காற்சட்டை முட்செடியில் உரசினால் சரசரவென்று கேட்கும். பருத்தி அவ்வளவு சத்தம் காட்டாது. மூன்றாவது நெருப்பு. இரவு முகாமில் எரியும் கட்டையிலிருந்து தெறிக்கும் பொறி செயற்கை இழையை உருக்கி ஓட்டை போட்டுவிடும்.

நான்காவது காரணத்தைக் கடைக்காரர் சொல்லமாட்டார். சகாராவுக்குத் தெற்கே டும்பு ஈ என்று ஒன்று உண்டு. நிழலில் காயும் ஈரத்துணியில் அது முட்டையிடும். அந்தத் துணியை அப்படியே உடுத்தினால் புழு தோலுக்குள் புகுந்து கட்டியாக வளரும். முகாம்களில் துவைத்த துணிகளைக் கரிப்பெட்டி வைத்து, தையல் ஓரங்கள்கூட விடாமல் அழுத்தித் தேய்த்துக் கொடுப்பது மடிப்புக்காக மட்டும் அல்ல. அந்தச் சூட்டில் முட்டைகள் செத்துவிடும். அத்தனை சூட்டைப் பருத்தி தாங்கும். மெல்லிய செயற்கைத் துணி சுருங்கிவிடும்.

வெயிலைத் தடுப்பதில் இழையைவிட நெசவின் நெருக்கம் முக்கியம். மெல்லிய வெள்ளைப் பருத்தி டி-ஷர்ட் புறஊதாக் கதிரைப் பெருமளவு உள்ளே விடும். நனைந்தால் இன்னும் மோசம். நெருக்கமாக நெய்த ட்ரில் துணி கதிரை நன்றாகத் தடுக்கிறது. துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் புள்ளிபுள்ளியாகத் தெரிந்தால் அந்தச் சட்டை நிலநடுக்கோட்டு வெயிலுக்கு உதவாது.

ஆகவே மேல்சட்டைக்கு மெல்லிய ஆனால் நெருக்கமான பருத்தி, காற்சட்டைக்கு நடுத்தர எடை ட்ரில். உள்ளாடையும் காலுறையும் விரைவில் காயும் நவீனத் துணியாக இருக்கட்டும். பல முகாம்களில் உள்ளாடைகளைத் துவைக்க ஏற்பதில்லை. அது அங்குள்ள மரியாதை சார்ந்த வழக்கம். நாமே இரவில் அலசிப்போட வேண்டியதுதான் என்பதால் விடியுமுன் காயும் துணியே நல்லது.

நிறம்: பழையவர்கள் சரியாகச் செய்தது

1846இல் பெஷாவர் எல்லைப்புறத்தில் தொடங்கப்பட்ட ‘கைட்ஸ்’ படைக்கு ஹாரி லம்ஸ்டன் புழுதிநிற உடையைக் கொடுத்தார். அங்கிருந்து பரவிய நிறம்தான் காக்கி. ஆப்பிரிக்கப் புல்வெளியில் அந்த நிறத்துக்குக் குறை சொல்ல முடியாது. செம்புழுதி படிந்தாலும் தெரியாது. வெள்ளையைப்போலத் தூரத்திலிருந்தே கண்ணை உறுத்தாது. மான், யானை முதலிய பெரும்பாலான பாலூட்டிகள் நிறங்களை நம்மைப்போல் பிரித்துப் பார்ப்பதில்லை. ஒளி வேறுபாட்டையும் அசைவையும் நன்கு உணரும். வண்டிக்குள் இருக்கும்போது நிறம் அவ்வளவு பொருட்டல்ல. ஜாம்பியாவின் லுவாங்வா பள்ளத்தாக்கில்போல் கால்நடையாகப் போகும்போது மிகவும் பொருட்டு.

இன்றைய பயணி சறுக்கும் இடம் நீலம். ஜீன்ஸ் எங்கும் வசதி என்று எடுத்துவைப்பார்கள். தூக்கநோயைப் பரப்பும் செட்சி ஈயை நீலமும் கருப்பும் ஈர்க்கின்றன. அந்த ஈயைப் பிடித்து அழிக்க வைக்கும் பொறிகளே நீல, கருப்புத் துணியால் செய்யப்படுகின்றன. தான்சானியாவின் தாராங்கிரே பூங்காவில் மரத்தில் தொங்கும் அந்தத் துணிப்பொறியைப் பார்த்தவர் யாரும் கருநீலச் சட்டை போட்டு அதன் பக்கத்தில் நிற்க விரும்பமாட்டார்.

இன்னொரு எச்சரிக்கை. பழைய ராணுவ உபரிக் கடைகளில் பச்சையும் பழுப்பும் கலந்த மறைவுச்சீருடைத் துணி மலிவாகக் கிடைக்கும். பார்க்கவும் காட்டுக்கு ஏற்றதாகத் தோன்றும். ஜிம்பாப்வே, ஜாம்பியா, உகாண்டா போன்ற நாடுகளில் சாதாரணக் குடிமக்கள் அதை உடுத்துவது சட்டவிரோதம். குழந்தையின் தொப்பியில்கூட அந்தத் துணி வேண்டாம்.

தொப்பி: பழையவர்கள் தப்பாகச் செய்தது

சஃபாரிப் படங்களில் முதலில் கண்ணில் படுவது வெள்ளைக்காரர் தலையிலிருந்த கெட்டியான சோலார் தொப்பி. அது நெட்டியால் ஆனது. தஞ்சாவூரில் கோயில் கோபுரங்களைச் செதுக்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்கிறார்களே, அதே நீர்ச்செடியின் வெண்மையான உள்தண்டு. மிக இலேசானது, வெப்பத்தைக் கடத்தாதது. பொருள் அருமையானது. அதை அணிந்ததற்கான காரணம் அருமையானதல்ல.

வெப்பநாட்டு வெயிலில் உள்ள ஒருவகைக் கதிர், வெள்ளையரின் மண்டையையும் முதுகெலும்பையும் துளைத்து மூளையைக் கெடுக்கும் என்று அன்று மருத்துவர்களே நம்பினார்கள். 1905இல் அமெரிக்க ராணுவ மருத்துவர் சார்லஸ் உட்ரஃப் இதைப்பற்றிப் புத்தகமே எழுதினார். சட்டையின் முதுகில் பஞ்சுப்பட்டை வைத்துத் தைத்துக்கொண்டார்கள். கதிரைத் தடுக்கச் சிவப்பு உள்துணி வைத்தார்கள். அதே வெயிலில் தலையில் பெட்டியோடு நடந்த ஆப்பிரிக்கருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது கண்ணெதிரே தெரிந்தும் அந்த நம்பிக்கை பல ஆண்டுகள் நீடித்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில்தான் ராணுவமே அதைக் கைவிட்டது. ரூஸ்வெல்ட்டும் உள்ளூர் ஆலோசனைக்குக் கட்டுப்பட்டுத்தான் அதை அணிந்தார். அவருக்குப் பிடித்தது வளைந்துகொடுக்கும் தன் பழைய அகலவிளிம்புத் தொப்பி.

அவருடைய விருப்பமே சரி. 7 அல்லது 8 செ.மீ. விளிம்புள்ள மெத்தென்ற ஃபெல்ட் தொப்பியோ பருத்தித் தொப்பியோ கழுத்தையும் காதையும் மறைக்கும், பையில் மடங்கும். திறந்த வண்டியில் போகும்போது காற்றில் பறக்காமலிருக்கத் தாடைக்கயிறு அவசியம். சோலார் தொப்பி இன்று ஆப்பிரிக்காவில் ஆட்சிச் சின்னமாகவே நினைவுகூரப்படுகிறது. அந்த மண்ணின் மக்கள் நமக்கு வண்டி ஓட்டி, வழிகாட்டி, சோறு போடும்போது அதைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்பது மரியாதையாகாது.

ஜாக்கெட்: ஒரு பாக்கெட்டுக்குள் பார்த்தால்

பழைய புஷ் ஜாக்கெட் ஒன்றைக் கையிலெடுத்துப் பாருங்கள். மார்பில் இரண்டு, கீழே இரண்டு பாக்கெட். கீழ்ப் பாக்கெட்டின் ஓரங்களில் மடிப்பு வைத்திருப்பதால் உள்ளே பொருள் சேரச்சேர வெளிப்பக்கமாக விரியும், உடம்பில் உறுத்தாது. மேல்மூடி அகலம், பொத்தான் பெரிது, வியர்த்த விரலாலும் ஒருகையால் திறக்கலாம். இடுப்பு பெல்ட்டை இறுக்கினால் சுமை தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கும். தளர்த்தினால் காற்று உள்ளே ஓடும். தேவையை அறிந்த தையல்காரரின் வேலை இது.

அதே ஜாக்கெட்டில் மார்பின்மேல் தோட்டா செருகும் வளையங்கள் இருக்கும். வலது தோளில் துப்பாக்கி உதைப்பைத் தாங்கும் தோல்பட்டை இருக்கும். தோள்களில் பதவிச்சின்னம் செருகும் பட்டிகள் இருக்கும். இந்த மூன்றுக்கும் இன்று வேலையில்லை. வேட்டை நின்றுபோன நாட்டில் தோட்டா வளையம் வெறும் வேஷம். பைனாகுலர் துடைக்கும் துணி, உதட்டுக் களிம்பு, சிறு குறிப்பேடு, மாற்று பேட்டரி ஆகியவை விரியும் பாக்கெட்டுகளில் அருமையாக அடங்கிவிடும். வாங்குவதானால் வளையம் இல்லாத, மடிப்புப் பாக்கெட் உள்ளதாகத் தேர்ந்தெடுங்கள்.

அசல் பழைய ஜாக்கெட் வாங்குகிறவர்கள் முழங்கை மடிப்பையும் கைக்குழித் தையலையும் இழுத்துப் பார்க்க வேண்டும். அரை நூற்றாண்டு மடித்துக்கிடந்த பருத்தி மடிப்பில்தான் முதலில் கிழியும். பழைய அளவில் புதுத்துணியில் தைத்தது பயணத்துக்கு நம்பகமானது. நல்ல தையல்காரர் இருக்கும் ஊரில் மாதிரி கொடுத்துத் தைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

கால், பெட்டி, தண்ணீர்

காலணியில் பழையது நன்றாகவே நிற்கிறது. தென்னாப்பிரிக்காவின் பழைய ‘ஃபெல்ட்ஸ்கூன்’ வகைத் தோல்செருப்பின் வழிவந்த கணுக்கால் பூட்ஸ் இன்றும் அங்கே அன்றாடக் காலணி. ஜிம்பாப்வேயின் புலவாயோவில் கோர்ட்னி நிறுவனமும், கென்யாவின் லிமுருவில் பாட்டா தொழிற்சாலையும் செய்யும் பூட்ஸ்களை வழிகாட்டிகளே அணிகிறார்கள். ரப்பர் அடி, மெல்லிய தோல், எளிய நாடா. கிளம்புவதற்குச் சில வாரங்கள் முன்பே போட்டுப் பழக்கிவிட வேண்டும். முழங்கால்வரை வரும் கனத்த தோல்பூட்ஸ் அழகாகத் தெரியும். வண்டியில் ஏறி இறங்கும் பயணத்துக்கு அது வீண் எடை.

பெட்டியில் பழையது தோற்கிறது. தகரப் பெட்டி அன்று கரையானுக்கு எதிரான புத்திசாலித்தனம். முழுத்தோல் சூட்கேஸ் இன்று காலியாகவே எடை வரம்பில் பெரும்பங்கைத் தின்றுவிடும். சிறு விமானத்தின் கதவுக்குள் நுழையாது. பழைய அழகு வேண்டுமானால் தோல் கைப்பிடி வைத்த கேன்வாஸ் டஃபிள் பை இருக்கிறது. துணிகளைப் பிரித்துவைக்கவும் பிளாஸ்டிக் பை வேண்டாம். கென்யா 2017 ஆகஸ்டிலும் தான்சானியா 2019 ஜூனிலும் அவற்றைத் தடைசெய்துவிட்டன.

தண்ணீருக்குப் பழையவர்களிடம் கேன்வாஸ் பை இருந்தது. நெருக்கமாக நெய்த துணிப்பையில் நீர் ஊற்றி வண்டியின் வெளியே தொங்கவிடுவார்கள். இழைகள் ஊறி உப்பிக் கசிவை அடைக்கும். வெளிப்புறம் மட்டும் ஈரமாகி ஆவியாகும். மண்பானைத் தண்ணீர்போல உள்ளே குளிர்ந்திருக்கும். நம் நாட்டு லாரிகளிலும் ஒருகாலத்தில் இது தொங்கியது. வறண்ட காற்றில் இன்றும் இது அழகாக வேலை செய்யும். ஆனால் புழுதி படியும், கழுவிச் சுத்தம் செய்வது கடினம். குடிநீருக்கு எஃகுக் குடுவையே சரி.

முகாமில் உட்காரும் மடக்கு நாற்காலிக்கு மட்டும் தனி மரியாதை தர வேண்டும். மரக்கம்பும் துணியும் தோல்வாரும் சேர்ந்த அந்த நாற்காலி ராணுவப் பொறியாளர்கள் இருந்த ரூர்க்கி நகரின் பெயரால் அறியப்படுகிறது. ஆணியோ திருகோ இன்றிக் கழற்றிச் சுருட்டலாம். மேடுபள்ளத் தரையில் வைத்தாலும் கால்கள் தாமே வளைந்து நான்கும் தரையைத் தொடும். 1933இல் டென்மார்க்கின் கோரே கிளின்ட் அதையொட்டி வடிவமைத்த ‘சஃபாரி நாற்காலி’ உலகப்புகழ் பெற்றது. அதை நாம் சுமந்துபோக வேண்டியதில்லை. பல முகாம்களில் ஏற்கெனவே இருக்கும்.

கண்ணாடி: புதியதற்குப் போட்டியே இல்லை

பித்தளையில் செய்த பழைய பைனாகுலரைக் கழுத்தில் போட்டுக்கொள்ள ஆசை வரலாம். வேண்டாம். கண்ணாடிமேல் பூசும் ஒளிப் பிரதிபலிப்புத் தடுப்புப் பூச்சை 1935இல்தான் ஜைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மகுலா உருவாக்கினார். அதற்கு முந்தைய கருவிகளில் ஒளி பெருமளவு வீணாகும். சிறுத்தை அசையும் நேரம் அந்தி. அந்த மங்கலில் இன்றைய 8×42 கருவி காட்டுவதைப் பழையது காட்டாது. புழுதி புகாமல் அடைத்து, உள்ளே பூஞ்சை பிடிக்காமல் வாயு நிரப்பியதும் இன்றையதுதான். பூச்சி விரட்டி தடவிய கையால் மட்டும் அதைத் தொடாதீர்கள். டீட் என்ற மருந்து பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் அரிக்கும்.

குளிருக்கும் இதே நேர்மை வேண்டும். கோரோங்கோரோ எரிமலைவாயின் விளிம்பு 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூலை வைகறையில் அங்கே காக்கி ஜாக்கெட் மட்டும் போதாது. பழையவர்கள் கம்பளிக் கோட்டு கொண்டுபோனார்கள். ஒரு கம்பளி ஸ்வெட்டரும் மடித்தால் கைக்குள் அடங்கும் பஞ்சுறை ஜாக்கெட்டும் இன்று போதும்.

சுமை யார் தலையில்

இரண்டு மூட்டைகளையும் பிரித்துப் பார்த்தபின் பெரிய வேறுபாடு ஒன்றுதான் மிஞ்சுகிறது. ரூஸ்வெல்ட்டின் கூடாரத்தில் தரைக் கேன்வாஸ், கட்டில், கொசுவலை, மாலையில் வெந்நீர்க் குளியல் எல்லாம் இருந்தன. அவை ஒவ்வொன்றும் ஒருவர் தலையில் 27 கிலோவாக நடந்துவந்தன. படத்தில் தெரியும் கம்பீரத்துக்குப் பின்னே அந்த வரிசை நிற்கிறது. அந்த ஆட்களின் பெயர்கள் பெரும்பாலும் எங்கும் பதிவாகவில்லை. பழைய பாணியைக் காதலிக்கிறவர்கள் இதை அறிந்து காதலிக்க வேண்டும்.

அந்த வகையில் 15 கிலோ வரம்பை நான் தொல்லையாகக் கருதவில்லை. எது தேவை, எது ஆடம்பரம் என்பதை அது நம்மையே தீர்மானிக்கவைக்கிறது. முன்பு சுமைதூக்கியின் கழுத்து செய்த கணக்கை இன்று தராசு செய்கிறது.

என் தீர்ப்பு இது. துணியிலும் நிறத்திலும் பாக்கெட்டிலும் காலணியிலும் பழமையை நம்புங்கள். பெட்டியிலும் பைனாகுலரிலும் குளிராடையிலும் மருந்திலும் புதுமையை நம்புங்கள். சோலார் தொப்பி, தோட்டா வளையம், பதவிப்பட்டி மூன்றையும் தொடாதீர்கள். இரண்டு முழுக்கைச் சட்டை, இரண்டு ட்ரில் காற்சட்டை, ஒரு ஜாக்கெட், ஒரு ஸ்வெட்டர், ஒரு தொப்பி, ஒரு ஜோடி பூட்ஸ் போதும். முகாமில் துவைத்துத் தேய்த்துக் கொடுப்பார்கள். பையில் மிச்சமிருக்கும் இடத்தை நல்ல பைனாகுலருக்குக் கொடுங்கள். முடிந்தால் பூட்ஸையோ ஜாக்கெட்டையோ நைரோபியிலோ புலவாயோவிலோ, அந்த மண்ணில் செய்கிறவர்களிடமே வாங்குங்கள். அவர்களைவிட அந்த வெயிலையும் முள்ளையும் அறிந்தவர்கள் வேறு யாரும் இல்லை.